சிஎஸ்வி கோப்பு டேட்டாபேஸில் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பெரிய சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் புலங்களைப் பிரித்த டெக்ஸ்ட் கோப்பை, மொத்தமாக டேபிளில் ஏற்றும்போது வரும் பிழைகளுக்குப் பெரும்பாலும் டேட்டாபேஸ் காரணமாக இருப்பதில்லை. கோப்பு இப்படி இருக்கிறது என்று கட்டளையில் நாம் ஒன்றைச் சொல்கிறோம், உள்ளே வேறொன்று இருக்கிறது. அதனால் சர்வரைக் குடைவதற்கு முன் கோப்பைப் பாருங்கள். திரையில் தெரிகிற எழுத்தோடு நிற்காமல் அதற்கு அடியில் இருக்கும் பைட்டுகளையும் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கீழே உள்ளவை மைஎஸ்க்யூஎல்லின் லோட் டேட்டா, போஸ்ட்கிரெஸின் காப்பி, எஸ்க்யூஎல் சர்வரின் பல்க் இன்செர்ட், ஆரக்கிளின் எஸ்க்யூஎல் லோடர் ஆகிய நான்கு ஏற்றும் வழிகளுக்கும் பொருந்தும். உங்களுக்கு வந்த அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

மூலக் கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 00741 என்ற குறியீடு 741 ஆகும். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது, மிச்சத்தை விட்டுவிடும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் ஒரு நகல் எடுத்து டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள்.

அடுத்தது, பயன்பாட்டில் இருக்கும் டேபிளில் நேரடியாக ஏற்றாதீர்கள். எல்லா நெடுவரிசைகளும் வெறும் டெக்ஸ்ட் வகையாக உள்ள ஒரு இடைநிலை டேபிளை உருவாக்கி அதில் ஏற்றுங்கள். பிறகு அங்கிருந்து இன்செர்ட் செலக்ட் மூலம் உண்மையான டேபிளுக்குக் கொண்டுபோங்கள். இப்படிச் செய்தால் தேதி, எண், திறவுகோல் (கீ, அதாவது வரியை அடையாளம் காட்டும் மதிப்பு) சம்பந்தமான எல்லாப் பிழைகளையும் ஒரு குவெரி போட்டுத் தேடிப் பிடித்துவிடலாம். கோப்பின் வடிவத்தில் உள்ள கோளாறு மட்டும்தான் ஏற்றும்போது தலைகாட்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பைட்டுகளைப் பார்க்க லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸ்எக்ஸ்டி அல்லது ஹெக்ஸ்டம்ப் இருக்கிறது. விண்டோஸ் பவர்ஷெல்லில் ஃபார்மட்-ஹெக்ஸ். இவை ஒவ்வொரு பைட்டையும் ஹெக்ஸ் என்னும் பதினறும எண்ணாகக் காட்டும். கோப்பின் முதல் சில வரிகளை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும்.

## அறிகுறி: கோப்பையே திறக்க முடியவில்லை என்கிறது

கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது? முதல் கேள்வி இதுதான். போஸ்ட்கிரெஸில் காப்பி கட்டளை கோப்பைச் சர்வரில் தேடும், உங்கள் மடிக்கணினியில் தேடாது. உங்கள் பக்கத்துக் கோப்பை ஏற்ற வேண்டுமென்றால் பிஎஸ்க்யூஎல் என்ற அதன் கட்டளை நிரலில் பேக்ஸ்லாஷ் போட்ட காப்பியைப் பயன்படுத்துங்கள். மைஎஸ்க்யூஎல்லில் லோக்கல் என்ற சொல் இருந்தால் உங்கள் கணினி, இல்லாவிட்டால் சர்வர். பல்க் இன்செர்ட் எப்போதும் சர்வரின் பக்கம்தான். எஸ்க்யூஎல் லோடரோ அதை இயக்கும் கணினியில் தேடும்.

பெயர் சரியா? விண்டோஸ் கோப்பு விரிவை மறைத்துவைக்கும். சிஎஸ்வி என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் டாட் சிஎஸ்வி டாட் டிஎக்ஸ்டியாக இருக்கலாம். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

அனுமதி இருக்கிறதா? சர்வர் பக்கம் கோப்பைப் படிக்கப் போவது பெரும்பாலும் டேட்டாபேஸ் சேவை இயங்கும் பயனர், எஸ்க்யூஎல் சர்வரில் விண்டோஸ் கணக்கால் நுழைந்திருந்தால் உங்கள் கணக்கு. அந்தப் பயனருக்குக் கோப்பின் மீதும், அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டர் மீதும் உரிமை வேண்டும். உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு, கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் வேலைக்கு ஆகாது. எஸ்க்யூஎல் சர்வர் பிழை எண் 4861 காட்டி, இயங்குதளப் பிழை 5 என்று சேர்த்துச் சொன்னால் அனுமதிக் கோளாறு. அதே இடத்தில் 32 வந்தால் வேறு ஏதோ நிரல் கோப்பைத் திறந்துவைத்திருக்கிறது, பெரும்பாலும் எக்செல்தான்.

சர்வர் அமைப்பு தடுக்கிறதா? மைஎஸ்க்யூஎல்லில் 1290 வந்தால் செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற அமைப்பு குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரை மட்டும் அனுமதிக்கிறது என்று பொருள். ஷோ வேரியபிள்ஸில் அதன் மதிப்பைப் பார்த்து, கோப்பை அந்த ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மதிப்பு ‘நல்’ (null, எந்த மதிப்பும் இல்லை) என்று இருந்தால் சர்வர் பக்கத்துக் கோப்பை ஏற்றுவது முழுவதுமாக மூடப்பட்டிருக்கிறது. 3948 வந்தால் லோக்கல் ஏற்றம் மூடியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் இது இயல்பாகவே மூடித்தான் இருக்கும், சர்வர், கிளையண்ட் இரண்டிலும் திறக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 11 முதல், சூப்பர்யூசர் அல்லாதவருக்குச் சர்வர் கோப்புகளைப் படிக்கத் தனி ரோல் இருக்கிறது.

இந்த அமைப்புகள் பாதுகாப்புக்காக வைத்தவை. உங்கள் சோதனைக் கணினியில் திறந்துகொள்ளலாம். மற்றவர்கள் பயன்படுத்தும் சர்வரில் அதை மாற்றுவது டேட்டாபேஸ் நிர்வாகியின் வேலை. நெட்வொர்க் பகிர்வில் உள்ள கோப்பை எஸ்க்யூஎல் சர்வர் படிக்க மறுத்தாலும் அவரிடமே போங்கள். அங்கே உங்கள் அடையாளம் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருக்கும், அதற்கான அமைப்பு உங்கள் கையில் இருக்காது.

## அறிகுறி: முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது

எளிய காரணம், தலைப்பு வரியைத் தவிர்க்கச் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸில் ஹெடர், மைஎஸ்க்யூஎல்லில் இக்னோர் 1 லைன்ஸ், பல்க் இன்செர்ட்டில் ஃபர்ஸ்ட்ரோ 2, எஸ்க்யூஎல் லோடரில் ஸ்கிப் 1.

அது சரியாக இருந்தும் “1 என்பது முழு எண் அல்ல” என்கிற மாதிரி பிழை வருகிறதா? 1 எப்படி முழு எண் ஆகாமல் போகும் என்று மண்டை காயும். பிழைச் செய்தியிலும் 1 தெளிவாகத் தெரியும். ஹெக்ஸில் பாருங்கள். கோப்பின் தொடக்கத்தில் ‘ஈஎஃப் பிபி பிஎஃப்’ என்று மூன்று பைட்டுகள் இருக்கும். இதுதான் பிஓஎம் என்னும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம். யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் ஒன்று யூடிஎஃப்-8. எக்செல் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமிக்கும்போது இதை வைத்துவிடும். அது 1 உடன் ஒட்டிக்கொள்வதால் எண் கெட்டுவிடுகிறது. தலைப்பு வரி இருந்து அதைத் தவிர்த்தால் பிஓஎம்மும் அதோடு போய்விடும், அதனால்தான் சில கோப்புகளில் மட்டும் இந்தப் பிழை வருகிறது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்கள்.

தொடக்கத்தில் ‘எஃப்எஃப் எஃப்ஈ’ இருந்து, ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பின்னால் ஒரு 00 வந்தால் கோப்பு யூடிஎஃப்-16இல் இருக்கிறது. எக்செலின் ‘யூனிகோட் டெக்ஸ்ட்’ இப்படித்தான் சேமிக்கும். பவர்ஷெல் 5.1இல் வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினாலும் இதே கதை. எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டாஃபைல்டைப்பை வைட்கேர் என்று கொடுத்தால் படித்துவிடும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் இதை நேரடியாக ஏற்காது, ஐகான்வ் என்ற மாற்றி நிரல் மூலம் யூடிஎஃப்-8 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: நடுவில் ஏதோ ஒரு வரியில் நெடுவரிசை கூடுகிறது அல்லது குறைகிறது

போஸ்ட்கிரெஸ், கடைசி நெடுவரிசைக்குப் பிறகும் தரவு இருக்கிறது என்று சொல்லும், அல்லது இந்த நெடுவரிசைக்குத் தரவே இல்லை என்று சொல்லும். மைஎஸ்க்யூஎல் 1261 அல்லது 1262 காட்டும். அந்த வரியையும் அதற்கு முந்தைய இரண்டு வரிகளையும் லினக்ஸின் செட் (sed) கட்டளையால் தனியாக எடுத்துப் பாருங்கள். முந்தைய வரிகளைப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் தவறு நடந்த இடமும் பிழை வெடித்த இடமும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் சொல்லும் வரி எண்ணில் தலைப்பு வரியும் சேர்த்தி.

புலத்துக்குள் காற்புள்ளி. முகவரி, தயாரிப்பு விளக்கம், ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட்ட எண் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். அந்தப் புலங்கள் இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால், மேற்கோள் என்ன என்பதைக் கட்டளையில் சொன்னால் போதும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான பிரிப்பான் டேப், இயல்பில் மேற்கோள் எதுவும் கிடையாது. எனவே சிஎஸ்விக்கு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் 2017 முதல்தான் ஃபார்மட் சிஎஸ்வி என்ற வசதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பாக இருந்தால் பல்க் இன்செர்ட் மேற்கோளை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

மேற்கோளே இல்லாமல் காற்புள்ளி கலந்திருந்தால் கோப்பைத் தந்தவரிடம் வேறு பிரிப்பானோடு மறுபடி கேளுங்கள். டேப்போ செங்குத்துக் கோடோ போதும். எந்தக் காற்புள்ளி பிரிப்பான், எது தரவு என்று நாமே ஊகித்துப் பிரிக்கப் பார்ப்பது வீண், ஒரு நாள் தவறான இடத்தில் தவறான தொகை போய் உட்காரும்.

துணைக்கு ஆளில்லாத ஒற்றை மேற்கோள்குறி. இது கொஞ்சம் கள்ளத்தனமானது. இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்:

101,மேசை விளக்கு,உண்டு
102,மடிக்கணினி 15.6" திரை,உண்டு
103,விசைப்பலகை,இல்லை

102இல் உள்ள அங்குலக் குறியை, மேற்கோள் திறந்துவிட்டது என்று போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து அடுத்த மேற்கோள்குறி எங்கே வருகிறதோ அதுவரை எல்லாமே ஒரே புலம். அது அடுத்த அங்குலக் குறியாக இருக்கலாம், ஐந்தாயிரம் வரிகள் தள்ளியும் இருக்கலாம். இடையில் வந்த வரிகள் எல்லாம் விழுங்கப்படும். மூடும் குறி வராமலே போனால் கோப்பின் முடிவில், மேற்கோள் மூடப்படவில்லை என்று பிழை வரும். காட்டப்படும் வரியில் எந்தக் குற்றமும் இருக்காது. ஒவ்வொரு வரியிலும் மேற்கோள்குறிகளை எண்ணி, ஒற்றைப்படையாக வரும் வரிகளை மட்டும் ஆக் நிரலால் அச்சிட்டுப் பாருங்கள், நிமிடத்தில் ஆள் அகப்படும்.

திருத்தம்: அந்தப் புலத்தை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் குறியை இரட்டிக்க வேண்டும், அதாவது "மடிக்கணினி 15.6"" திரை" என்று. கோப்பில் மேற்கோள் எங்குமே சுற்றுக்குறியாகப் பயன்படவில்லை என்றால், தரவில் வரவே வராத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தை மேற்கோளாக அறிவித்துவிடலாம்.

புலத்துக்குள் புதிய வரி. குறிப்பு, கருத்து போன்ற நெடுவரிசைகளில் யாரோ என்டர் தட்டியிருப்பார்கள். மேற்கோளுக்குள் இருந்தால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் ஒரே புலமாகப் படித்துவிடும். எஸ்க்யூஎல் லோடர் இயல்பில் வரி முடிந்தால் பதிவும் முடிந்தது என்றே கொள்ளும். ஆரக்கிள் 12சி முதல், ஏற்றும் முறையை விவரிக்கும் கன்ட்ரோல் கோப்பில் ஃபீல்ட்ஸ் சிஎஸ்வி வித் எம்பெடட் என்று எழுதினால் சரியாகிவிடும்.

பேக்ஸ்லாஷ். மைஎஸ்க்யூஎல் இயல்பாகவே பேக்ஸ்லாஷை விடுபடு குறியாக, அதாவது அடுத்து வரும் எழுத்தின் வழக்கமான பொருளை மாற்றும் குறியாகப் பார்க்கும். ஒரு ஃபோல்டர் பாதை பேக்ஸ்லாஷில் முடிந்தால் அது அடுத்து வரும் மேற்கோளைத் தின்றுவிடும். எஸ்கேப்ட் பை என்பதை வெறுமையாகக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில் வெற்றுப் புலங்கள். எஸ்க்யூஎல் லோடரில் வரி சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்றால் ட்ரெய்லிங் நல்கால்ஸ் சேருங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி: எல்லாம் ஏறியது, ஆனால் கடைசி நெடுவரிசை மட்டும் எதோடும் பொருந்தவில்லை

குவெரியின் ‘வேர்’ (where) நிபந்தனையில் ‘உண்டு’ என்று தேடினால் பூஜ்யம் வரிகள். பார்த்தால் ‘உண்டு’ என்றுதான் இருக்கிறது. கடைசி நெடுவரிசையின் நீளத்தைக் கேளுங்கள், ஒன்று கூடுதலாக இருந்தால் விண்டோஸ் வரி முடிவுதான் காரணம். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 0டி 0ஏ என்ற இரண்டு பைட்டுகளால் முடிக்கும், லினக்ஸ் 0ஏ மட்டும் போடும். மைஎஸ்க்யூஎல் இயல்பில் 0ஏவை மட்டும் தேடுவதால் 0டி கடைசிப் புலத்தோடு ஒட்டிவிடுகிறது. லைன்ஸ் டெர்மினேட்டட் பை என்பதில் இரண்டையும் கொடுங்கள், அல்லது டாஸ்2யூனிக்ஸ் மூலம் கோப்பை மாற்றுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் இது தலைகீழாக நடக்கும். ரோ டெர்மினேட்டரில் பேக்ஸ்லாஷ் என் என்று எழுதினால் அது தானாகவே முன்னால் 0டி சேர்த்துக்கொள்ளும். லினக்ஸிலிருந்து வந்த கோப்பில் அந்த ஜோடி எங்குமே இல்லாததால் முழுக் கோப்பும் ஒரே வரியாகிவிடும். கடைசி நெடுவரிசை மிக நீளம் என்று 4866 வருவதற்கு இதுவே வழக்கமான காரணம். ரோ டெர்மினேட்டரை 0எக்ஸ்0ஏ என்று பதினறும எண்ணாகவே கொடுத்தால் ஏறிவிடும்.

போஸ்ட்கிரெஸ் முதல் வரியை வைத்து வரி முடிவைத் தெரிந்துகொள்ளும். நடுவில் மாறினால் பிழை காட்டி நின்றுவிடும். இரண்டு இடத்திலிருந்து வந்த கோப்புகளை ஒட்டி ஒன்றாக்கினால் இது வரும்.

## அறிகுறி: தமிழ் எழுத்து கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வருகிறது

இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். கிறுக்கலைப் பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறியை மீட்க முடியாது, தரவு எங்கே தொலைந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கோப்பில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும் வரியை ஹெக்ஸில் பாருங்கள்.

‘ஈ0 ஏஈ’ அல்லது ‘ஈ0 ஏஎஃப்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு நல்ல யூடிஎஃப்-8. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோட் குறிகள் யூடிஎஃப்-8இல் இப்படித்தான் தொடங்கும், குறி ஒன்றுக்கு மூன்று பைட். அப்படியென்றால் கோளாறு உங்கள் கட்டளையிலோ டேபிளிலோ இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் செட் நேம்ஸ் கொடுப்பதால் லோட் டேட்டா மாறாது. அது டேட்டாபேஸின் எழுத்துத் தொகுப்பைத்தான் பார்க்கும். லோட் டேட்டாவிலேயே கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் கோட்பேஜ் 65001 வேண்டும், நெடுவரிசை என்வார்கேராக இருக்க வேண்டும். சாதாரண வார்கேரில் போட்டால், 2019இல் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன் இல்லாத வரை, கேள்விக்குறிதான் மிஞ்சும். ஆரக்கிளில் கன்ட்ரோல் கோப்பில் கேரக்டர்செட் ஏஎல்32யூடிஎஃப்8 என்று சொல்லுங்கள்.

‘சி3 ஏ0 சி2 ஏஈ’ என்று வந்தால், ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை யாரோ லத்தீன் எழுத்து என்று நினைத்து இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். ஐகான்வில் யூடிஎஃப்-8இலிருந்து லத்தீன்-1க்கு (ஐஎஸ்ஓ-8859-1) ஒரு முறை திருப்பினால் சில கோப்புகள் பழைய நிலைக்கு வந்துவிடும். சில எழுத்துகளுக்கு அந்தத் தொகுப்பில் இடம் இல்லாததால் நடுவில் தடுக்கினால், மூலக் கோப்பைத் திரும்பக் கேட்பதே நல்லது.

‘3எஃப் 3எஃப் 3எஃப்’ என்று வரிசையாக வந்தால் கோப்பிலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது. எக்செலில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாத வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால் இப்படி ஆகும். டேட்டாபேஸில் என்ன செய்தாலும் பயன் இல்லை. எடுத்த இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஹெக்ஸில் எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்தாக இருந்து, ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில் பார்த்தால் மட்டும் தமிழாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது. ஏற்றுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒரே கோப்பில் ஆங்கிலமும் கலந்திருந்தால் தானியங்கி மாற்றி ஆங்கிலப் பெயர்களையும் சிதைத்துவிடும், நெடுவரிசை நெடுவரிசையாகப் பிரித்து மாற்றுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் தமிழ் நன்றாக ஏறி, ஈமோஜி உள்ள வரியில் மட்டும் 1366 வந்தால் டேபிள் பழைய யூடிஎஃப்8இல் இருக்கிறது. அது மூன்று பைட் வரைதான் தாங்கும்.

## அறிகுறி: நீளம் போதவில்லை என்கிறது

‘கண்ணன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் க, ண், ண, ன் என்று நான்கு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் தனிக் குறி என்பதால் ஆறு. யூடிஎஃப்-8இல் 18 பைட். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் வார்கேரில் யூனிகோட் குறிகளை எண்ணும், அவற்றுக்கு இது 6. ஆரக்கிளில் வார்கேர்2 (10) என்றால் இயல்பில் 10 பைட், கண்ணன் உள்ளே நுழைய மாட்டார், ஓஆர்ஏ-12899 வரும். நெடுவரிசையை 10 கேர் என்று அறிவித்தால் தீரும்.

நெடுவரிசை 4000 இருந்தும் எஸ்க்யூஎல் லோடர் புலம் நீளம் என்று தள்ளுகிறதா? கன்ட்ரோல் கோப்பில் நீளம் சொல்லாத புலத்தை அது 255 பைட் என்றே வைத்துக்கொள்ளும். அங்கே கேர்(4000) என்று எழுதுங்கள். டேபிளை எவ்வளவு மாற்றினாலும் இந்தப் பிழை போகாது.

இவை இல்லாமல் ஒரே ஒரு வரியில் மட்டும் நீளம் எகிறினால், முன் சொன்ன மேற்கோள்குறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி: தேதியும் எண்ணும் ஏறவில்லை, அல்லது தவறாக ஏறின

தேதியில் பிழை வந்தால் நல்லது, பிழை வராததுதான் ஆபத்து. 03/04 என்பதை மாதம்-நாள் என்றும் படிக்கலாம், நாள்-மாதம் என்றும் படிக்கலாம். நாள் 12 வரை இருக்கும் வரிகள் தவறான தேதியோடு சத்தமில்லாமல் ஏறும், 13ஆம் தேதி வரும் வரியில்தான் பிழை கிளம்பும். அதனால் 13இல் நின்றால் அந்த வரியை மட்டும் திருத்திவிட்டுத் தொடராதீர்கள், அதற்கு மேலே உள்ளவையும் கெட்டிருக்கும். ஐஎஸ்ஓ வடிவில், அதாவது 2024-04-03 என்று, கோப்பைக் கேட்டு வாங்குவதே நிரந்தரத் தீர்வு. முடியாவிட்டால் மைஎஸ்க்யூஎல்லில் செட் பகுதியில் எஸ்டிஆர் டு டேட், ஆரக்கிளில் கன்ட்ரோல் கோப்பில் தேதி வடிவம், போஸ்ட்கிரெஸில் ஏற்றும் முன் டேட்ஸ்டைல் அல்லது இடைநிலை டேபிளிலிருந்து டு டேட்.

எண்ணில் 12,500 என்ற காற்புள்ளி, முன்னால் நாணயக் குறி, எக்செல் தந்த 1.23ஈ+15 ஆகியவை வழக்கமானவை. முதல் இரண்டையும் ரீப்ளேஸால் நீக்கலாம். மூன்றாவதில் இலக்கங்கள் ஏற்கெனவே போய்விட்டன, மூலத்திடம் கேளுங்கள்.

வெற்றுப் புலம் எப்படிப் படிக்கப்படும் என்பது இடத்துக்கு இடம் மாறும். போஸ்ட்கிரெஸ் சிஎஸ்வியில் மேற்கோள் இல்லாத வெறுமை ‘நல்’, மேற்கோளோடு வந்த வெறுமை வெற்றுச் சரம். எண் நெடுவரிசையில் அது பிழையாகும், ஃபோர்ஸ் நல் கொடுத்தால் சரி. மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாகப் பேக்ஸ்லாஷுடன் பெரிய என் இருந்தால் ‘நல்’. வெறுமையாக விட்டால் எண் நெடுவரிசையில், கண்டிப்பு முறையில் பிழை வரும், தளர்ந்த முறையிலோ லோக்கல் போட்டாலோ 0 விழும். விலை தெரியாத பொருளுக்கு விலை 0 என்று பதிவாவதைவிட ஏறாமல் நிற்பதே மேல். செட் பகுதியில் நல்இஃப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: வெற்றி என்று சொல்கிறது, ஆனால் வரிகள் குறைகின்றன

என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். மற்றவை கத்திச் சொல்லும், இது சொல்லாது.

மைஎஸ்க்யூஎல்லில் லோக்கல் போட்டால் இக்னோர் போட்டதாகவே பொருள். திரும்ப வரும் திறவுகோல்கள் தவிர்க்கப்படும், பொருந்தாத மதிப்புகள் எச்சரிக்கையோடு மாற்றப்பட்டு ஏறும். முடிவில் வரும் ஒற்றை வரியில் ஸ்கிப்ட், வார்னிங்ஸ் இரண்டும் 0 தானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இல்லையென்றால் உடனே ஷோ வார்னிங்ஸ் கொடுங்கள், அடுத்த கட்டளை ஓடிய பிறகு அது கிடைக்காது.

பல்க் இன்செர்ட் இயல்பில் 10 பிழைகள் வரை பொறுத்துக்கொண்டு மேலே போகும். எஸ்க்யூஎல் லோடர் 50 வரை. முதலாவதற்கு எரர்ஃபைல் கொடுத்துவையுங்கள், அல்லது மேக்ஸ்எரர்ஸ் வரம்பைக் குறையுங்கள். இரண்டாவதில் ஏறாத வரிகள் உள்ள பேட் கோப்பும் லாக் கோப்பும் தானாக எழுதப்படும், திறந்து பார்ப்பதுதான் நம் கடமை. போஸ்ட்கிரெஸ் ஒரு வரி கெட்டாலும் மொத்தத்தையும் கைவிடும். 17ஆம் பதிப்பில் ஆன் எரர் இக்னோர் வந்திருக்கிறது, தரவு வகைக்கு மாற்ற முடியாத வரிகளை மட்டும் அது தாண்டிப் போகும்.

கோப்பில் எத்தனை வரி என்பதை டபிள்யூசி மூலம் எண்ணும்போதும் கவனம் வேண்டும். தலைப்பு வரியைக் கழிக்க வேண்டும். புலத்துக்குள் புதிய வரி இருந்தால் கணக்கு கூடும், கடைசி வரிக்கு முடிவுக் குறி இல்லாவிட்டால் ஒன்று குறையும். எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஒரு தொகை நெடுவரிசையின் கூட்டுத்தொகையையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். வரி எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்தலாம், கூட்டுத்தொகை அப்படிப் பொருந்துவது அரிது.

## அறிகுறி: திறவுகோல் மோதுகிறது

முதன்மைத் திறவுகோல் மோதினால் இடைநிலை டேபிளில் குரூப் பை போட்டு ஒன்றுக்கு மேல் வருபவற்றை எடுங்கள். அங்கே எதுவும் வராவிட்டால், அதே கோப்பு முன்பே ஒரு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அயல் திறவுகோல் என்றால், தாய் டேபிளை முதலில் ஏற்றினீர்களா? ஏற்றியிருந்தும் மோதினால் நாட் எக்ஸிஸ்ட்ஸ் குவெரியில் அநாதை வரிகள் வரும். அவற்றின் திறவுகோலின் கடைசியில் வெற்றிடமோ முன்சொன்ன 0டியோ ஒட்டியிருக்கலாம்.

மோதலைத் தவிர்க்கச் சரிபார்ப்பை அணைத்துவிட்டு ஏற்றுவது எளிதாகத் தோன்றும். மைஎஸ்க்யூஎல்லில் அதைத் திரும்பப் போட்டாலும் ஏற்கெனவே ஏறிய வரிகள் சோதிக்கப்படாது. பல்க் இன்செர்ட்டோ, செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் என்று கேட்டால் ஒழிய, அயல் திறவுகோலையும் செக் விதிகளையும் பார்ப்பதே இல்லை. அதன்பின் அந்த விதி நம்பத்தகாதது என்று சர்வர் குறித்துவைக்கும். ஆல்டர் டேபிளில் வித் செக் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் கொடுத்து மறுபடி சோதிக்கச் செய்யுங்கள். ஆரக்கிளில் நேரடிப் பாதையில் ஏற்றும்போது தனித்துவ இண்டெக்ஸில் இரட்டிப்பு வந்தால் இண்டெக்ஸ் பயனற்ற நிலைக்குப் போய்விடும், இரட்டிப்பை நீக்கிவிட்டு அதைத் திரும்பக் கட்ட வேண்டும்.

## அறிகுறி: ஏறிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை

முதலில் அது வேலை செய்கிறதா, காத்திருக்கிறதா என்று பிரியுங்கள். வேறொரு இணைப்பு அதே டேபிளைப் பூட்டி வைத்திருக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் ஷோ ப்ராசஸ்லிஸ்ட், போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் காப்பி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கே தனிக் காட்சி உண்டு.

வேலைதான் செய்கிறது என்றால், இண்டெக்ஸ்களை நீக்கி ஏற்றிவிட்டுப் பிறகு உருவாக்குவது பெரிய மாற்றம் தரும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் கோப்பை முதன்மைத் திறவுகோல் வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். ஏற்றிய பின் போஸ்ட்கிரெஸில் அனலைஸ் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்து ஓடும் குவெரிகள் தள்ளாடும்.

டிஸ்க் நிரம்பினாலோ, எஸ்க்யூஎல் சர்வரில் லாக் நிரம்பி 9002 வந்தாலோ, கோப்பை மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் தோற்றுப்போன ஒவ்வொரு காப்பியும் கண்ணுக்குத் தெரியாத வரிகளை டிஸ்கிலேயே விட்டுப்போகும், வேக்யூம் என்ற துப்புரவுக் கட்டளை ஓடும் வரை அந்த இடம் திரும்பக் கிடைக்காது. இங்கே நிர்வாகியைக் கூப்பிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் ரெகவரி மாடலை மாற்றினால் வேகம் கூடும், ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பும் வசதி பாதிக்கப்படும். அந்த முடிவும் அவருடையது. பிரதிச் சர்வர் வைத்த மைஎஸ்க்யூஎல்லில் பல கோடி வரிகளை ஒரே பரிவர்த்தனையாக ஏற்றினால் பிரதி பின்தங்கும், கோப்பைத் துண்டுகளாக வெட்டி ஏற்றுவது பற்றி முன்கூட்டியே அவரிடம் பேசுங்கள்.

## அறிகுறி: ஏற்றம் சரி, அதன்பின் செயலியில் புதிய பதிவு சேரவில்லை

திறவுகோல் இரட்டிப்பு என்று பிழை வரும், மறுபடி அழுத்தினால் வேறோர் எண்ணோடு அதே பிழை. கோப்பிலேயே ஐடி எண்கள் இருந்ததால் அடுத்த எண்ணைத் தரும் போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸ் பழைய இடத்திலேயே நிற்கிறது. டேபிளில் உள்ள மிகப் பெரிய ஐடியை செட்வாலுக்குக் கொடுத்து நகர்த்துங்கள். ஆரக்கிள் சீக்வென்ஸுக்கும் இதே கவனிப்பு வேண்டும். மைஎஸ்க்யூஎல் தானாகவே நகர்த்திக்கொள்ளும்.

## நிர்வாகியிடம் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

“ஏறலை” என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிழை எண்ணோடு முழுச் செய்தி, நீங்கள் கொடுத்த கட்டளை அப்படியே, டேபிளின் கிரியேட் வாக்கியம், கோப்பின் முதல் 20 வரிகள், பிழை வந்த வரியைச் சுற்றி ஐந்தாறு வரிகள், அவற்றின் ஹெக்ஸ் ஆகியவற்றைக் கொடுங்கள். இவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக எடுக்காமல் டெக்ஸ்டாகவே கொடுக்க வேண்டும், படத்தில் பிஓஎம்மும் 0டியும் தெரியாது. தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் பெயரையும் எண்ணையும் மாற்றிவிடுங்கள், ஆனால் அதே நீளத்தில், அதே எழுத்து வகையில் மாற்றுங்கள். தமிழ்ப் பெயருக்குப் பதில் ஆங்கிலத்தில் எதையாவது அடித்துவைத்தால் பிழையும் சேர்ந்தே மறைந்துபோகும்.